தேருக்கு முட்டுக்கட்டை போடுபவர்கள்

திறமூல மென்பொருள் என்றாலே "ஊர் கூடித் தேர் இழுப்பது" என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. கல்லூரிகளில் நடக்கும் லினக்ஸ் கூட்டங்களில் இந்த வரி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். யார் வேண்டுமானாலும் நிரலைப் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து இழுக்கிறார்கள், தேர் நகர்கிறது... கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேரோட்டத்தை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், வடம் பிடிக்கிறவர்கள் மட்டும் இருந்தால் தேர் நிலைக்கு வந்து சேராது. சக்கரத்தை ஒட்டியே கட்டையோடு நடந்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, திருப்ப வேண்டிய பக்கம் திருப்பிவிடும் ஆட்கள் சிலர் உண்டு. பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை போடுவது வசவாகிவிட்டது. தேரடியில் அது ஒரு வேலை. ஆபத்தான வேலையும்கூட.

லினக்ஸ் கெர்னல் அப்படிப்பட்ட தேர்களில் மிகப் பெரியது. 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் பொழுதுபோக்காகத் தொடங்கியது, 2025-இல் நான்கு கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. ஒன்பது அல்லது பத்து வாரத்துக்கு ஒரு வெளியீடு. ஒவ்வொரு வெளியீட்டிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள், அவற்றை எழுதியவர்கள் இரண்டாயிரம் பேர் அளவில். இவர்களில் பெரும்பாலோர் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. ஒரே நிறுவனத்தில் வேலை செய்பவர்களும் இல்லை, ஒரே முதலாளிக்குக் கட்டுப்பட்டவர்களும் இல்லை. இத்தனை பேர் எழுதியதும் ஒரே நிரலாக எப்படி ஒட்டுகிறது?

ஒட்ட வைப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன உதாரணம். ஒருவர் ஒரு ஃபங்ஷனுக்குப் புதிதாக ஒரு ஆர்குமெண்ட் சேர்க்கிறார். அதை அழைக்கும் எல்லா இடங்களையும் தேடித் தேடித் திருத்திவிடுகிறார். அதே வாரம் வேறொரு நாட்டில் இன்னொருவர் புது டிரைவர் ஒன்று எழுதி, அதே ஃபங்ஷனைப் பழைய முறையில் அழைக்கிறார். இவர் எழுதியதும் சரி, அவர் எழுதியதும் சரி. இரண்டையும் சேர்த்தால் கம்பைல் ஆகாது. வெவ்வேறு கோப்புகள் என்பதால் கிட் மாதிரியான கருவிகூட எந்தச் சிக்கலையும் காட்டாமல் இரண்டையும் இணைத்துவிடும். கம்பைல் ஆகாமல் போனாலாவது பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். கம்பைலும் ஆகி, ஓடவும் ஓடி, லாக் எடுக்கும் வரிசை மட்டும் மாறிப்போய், ஏதோ ஒரு வங்கியின் சர்வரில் மூன்று மாதம் கழித்து நள்ளிரவில் உறைந்து நிற்குமே, அதுதான் உண்மையான தலைவலி. ஒரே வரியை இருவர் மாற்றினால் வரும் மோதல் இதற்கு முன்னால் குழந்தை விளையாட்டு.

தொண்ணூறுகளில் இதற்கெல்லாம் லைனஸ் என்ற ஒரே ஒரு மனிதர்தான் விடை. மாற்றம் செய்தவர் பேட்ச் ஒன்றை மின்னஞ்சலில் அவருக்கு அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் அடுத்த பதிப்பில் இருக்கும். இல்லையென்றால் பதிலே வராது. வேண்டாம் என்பதால் பதில் இல்லையா, மடல் ஆயிரத்தோடு ஆயிரமாகப் புதைந்துவிட்டதா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. மறுபடி அனுப்ப வேண்டும், அதற்கும் பதில் வராவிட்டால் இன்னொரு முறை. 1998-இன் இறுதியில் இது வெடித்தது. பேட்ச்கள் தொலைந்துபோகின்றன, ஒரு மனிதரால் இவ்வளவையும் தாங்க முடியவில்லை என்று மடலாடற்குழுவில் பெரிய சண்டை. லைனஸ் கோபித்துக்கொண்டு சில நாள் விலகியே இருந்தார். லாரி மெக்வாய் என்பவர் இதற்குத் தீர்வாகப் புதிய கருவி ஒன்றை முன்வைத்தது அப்போதுதான்.

2002 ஜனவரியில் மீண்டும் அதே பாட்டு. பேட்ச்களைச் சேர்த்துத் தர உதவிக்கென்று தனி ஆள் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று ராப் லேண்ட்லி யோசனை சொன்னார். லைனஸ் ஒப்புக்கொள்ளவில்லை. தான் நம்பும் ஒரு சிறு வட்டத்திடம்தான் நேரடியாக வாங்குவதாகவும், மற்றவர்கள் அந்த வட்டத்தின் வழியாக வரட்டும் என்றும் பதில் சொன்னார். இந்தப் பதில் அன்று பலருக்கு ஆணவமாகப் பட்டது. இன்று யோசித்துப் பார்த்தால் கெர்னலின் முழு அமைப்பும் அந்தப் பதிலுக்குள்தான் இருக்கிறது. பத்து இருபது பேரை நம்பினால் போதும். அவர்கள் ஒவ்வொருவரும் வேறு சிலரை நம்புவார்கள். நம்பிக்கை ஒரு மரம்போலக் கிளை விட்டுக்கொண்டே போகும்.

அடுத்த மாதமே மெக்வாயின் பிட்கீப்பருக்கு லைனஸ் மாறினார். கட்டற்ற மென்பொருளை வளர்க்க மூடிய மென்பொருளா என்று எழுந்த சண்டை தனிக்கதை. 2005 ஏப்ரலில் அந்த இலவச உரிமம் பறிபோனது. சம்பா புகழ் ஆண்ட்ரூ ட்ரிட்ஜல் பிட்கீப்பர் சர்வரோடு பேசும் கருவி ஒன்றை எழுதியதுதான் காரணம். லைனஸ் ஏப்ரல் 3-ஆம் தேதி கிட் எழுதத் தொடங்கினார், 7-ஆம் தேதி கிட் தன்னைத் தானே சேமித்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டது. ஜூன் மாதம் 2.6.12 கெர்னல் கிட் மூலமாகவே வெளிவந்தது. (பிட்கீப்பரையும் 2016-இல் திறமூலமாக விட்டார்கள். அதற்குள் கேட்க ஆளில்லாமல் போயிருந்தது, பாவம்.)

இந்தக் கதையை எல்லோரும் ஒரு மேதை ஒரு வாரத்தில் ஒரு கருவி செய்த கதையாகத்தான் சொல்கிறார்கள். முக்கியமான விஷயம் அதில் விட்டுப்போகிறது. கிட் வருவதற்கு முன்பே அந்த நம்பிக்கை மரம் வளர்ந்துவிட்டது. ஏற்கெனவே இருந்த உறவுமுறைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைதான் கிட். அதற்கு முன் புழக்கத்தில் இருந்த சி.வி.எஸ். போன்றவற்றில் நடுவில் ஒரே ஒரு களஞ்சியம், அதில் எழுதும் உரிமை சிலருக்கு மட்டும். யாருக்கு அந்த உரிமை தருவது, யாரிடமிருந்து பறிப்பது என்பதிலேயே பாதி அரசியல் போய்விடும். ஃப்ரீபிஎஸ்டி போன்ற திட்டங்கள் அந்த வழியிலும் ஒழுங்காகவே நடந்திருக்கின்றன, அது வேலைக்கே ஆகாது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கிட்டில் ஒவ்வொருவரிடமும் முழுக் களஞ்சியம் இருக்கிறது. உள்ளே எழுத அனுமதி கேட்டு யாரும் வாசலில் நிற்க வேண்டியதில்லை. "என் மரத்தில் இது தயாராக இருக்கிறது, இழுத்துக்கொள்" என்று சொன்னால் போதும். இழுப்பதா வேண்டாமா என்பதை எதிரில் இருப்பவர் முடிவு செய்வார்.

ஒரு மாற்றம் எப்படிப் பயணிக்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். எழுதியவர் அதைச் சிறு சிறு பேட்ச்களாகப் பிரித்து மடலாடற்குழுவுக்கு அனுப்புகிறார். யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லவே கெர்னலோடு ஒரு ஸ்கிரிப்ட் வருகிறது. சிலர் படித்துக் குறை சொல்வார்கள். திருத்தி இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு, சில சமயம் பதினைந்தாம் பதிப்புகூடப் போகும். அந்தப் பகுதியின் பராமரிப்பாளர் திருப்தியானால் தன் மரத்தில் சேர்த்துக்கொண்டு தன் ஒப்புதல் வரியையும் கீழே எழுதுவார். எஸ்.சி.ஓ. நிறுவனம் 2003-இல் தொடுத்த வழக்குக்குப் பிறகு, 2004-இல் வந்த பழக்கம் அது. எந்த நிரல் யார் கை வழியாக வந்தது என்று பின்னால் எவரும் கேட்டால் காட்டுவதற்கு.

பராமரிப்பாளர் மரத்திலிருந்து நேராக லைனஸிடம் போய்விடாது. நடுவில் லினக்ஸ்-நெக்ஸ்ட் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. 2008 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஸ்டீபன் ராத்வெல் தொடங்கியது. முந்நூறுக்கும் மேற்பட்ட மரங்களை வேலை நாள்தோறும் எடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாக இணைத்து, நடு நடுவே கம்பைல் செய்து பார்த்து, முட்டிக்கொள்ளும் இடங்களை இரு தரப்புக்கும் மடல் எழுதித் தெரிவிக்க வேண்டும். மறுநாள் காலை? முதல் நாள் இணைத்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக முதலிலிருந்து! பெரிய கல்யாணத்துக்குத் தினமும் ஒத்திகை பார்ப்பது மாதிரி. மேலே சொன்ன ஆர்குமெண்ட் உதாரணத்தை இங்கே பொருத்திப் பார்க்கலாம். இரண்டு மரங்களும் தனித்தனியாகச் சுத்தம், சேர்த்த அன்றே கம்பைல் உடைகிறது, மறுநாளே இருவருக்கும் தெரிந்துவிடுகிறது. லைனஸிடம் வரும்போது "இந்த இடத்தில் இடிக்கும், இப்படித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்ற குறிப்போடு வருகிறது. இந்த வேலையில் புதிய வசதி ஒன்றுகூடப் பிறப்பதில்லை. வெளியீட்டுச் செய்தியில் பெயரும் பெரிதாக வராது. ஆனால் இந்த ஒத்திகை நின்றுபோனால் இன்றைய வேகத்தில் கெர்னல் வெளியாவதை நினைத்துப் பார்க்க முடியாது.

அதற்கப்புறம்தான் மெர்ஜ் விண்டோ எனும் இரண்டு வாரம். ஒவ்வொரு வெளியீடு முடிந்ததும் இரண்டு வாரம் மட்டும் கதவு திறந்திருக்கும். புதிய அம்சங்கள் எல்லாம் அதற்குள் வந்துவிட வேண்டும். கதவு மூடியதும் ஆர்.சி.1. பிறகு ஏழெட்டு வாரம் வழு திருத்தம் மட்டும். 2005-இல் வந்த இந்த ஒழுங்கு பார்ப்பதற்கு வெறும் காலண்டர் விதி. ஆனால் கருவியைவிட இது பெரிய கண்டுபிடிப்பு என்றே சொல்லலாம். முன்பு 2.4 வெளியானது 2001 ஜனவரியில், 2.6 வெளியானது 2003 டிசம்பரில். ஏறத்தாழ மூன்று வருட இடைவெளி. அதுவரை புதிய வசதிகளுக்காகக் காத்திருக்க முடியாத விநியோக நிறுவனங்கள், சோதனைப் பதிப்பிலிருந்து வேண்டியதைப் பிடுங்கித் தங்கள் கெர்னலில் தாங்களே ஒட்டிக்கொண்டன. விளைவு, ஆளுக்கொரு லினக்ஸ்.

வருடத்துக்கு ஒரே ஒரு பேருந்துதான் ஊருக்கு வரும் என்றால் எல்லோரும் ஜன்னல் வழியாகவாவது ஏறப் பார்ப்பார்கள். அரைகுறையாக எழுதிய நிரலையும் இப்போதே உள்ளே தள்ளிவிட வேண்டும், விட்டால் மூன்று வருடம் என்ற பதற்றம் வரும். இரண்டு மாதத்துக்கு ஒரு பேருந்து நிச்சயம் என்று தெரிந்துவிட்டால், "இது இன்னும் வேகவில்லை, அடுத்த முறை பார்க்கலாம்" என்று சொல்வது சுலபம். கேட்பவருக்கும் அவ்வளவு வலிக்காது. வேண்டாம் என்பதன் விலை குறைகிறது. அந்த விலை குறைந்ததால்தான் தரம் நிற்கிறது.

காலண்டரை மதிக்காதவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கும் சமீபத்திய உதாரணம் இருக்கிறது. பிகேஷ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை 2024 ஜனவரியில் வெளியான 6.7-இல் உள்ளே வந்தது. எழுதிய கெண்ட் ஓவர்ஸ்ட்ரீட் திறமைசாலி என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் வழு திருத்தம் மட்டும் என்ற வாரங்களிலும் புதிய அம்சங்களை அனுப்பிக்கொண்டே இருந்தார். பயனர்களின் தரவைக் காப்பாற்றத்தான் இது என்பது அவர் வாதம். திரும்பத் திரும்பச் சண்டை. கடைசியில் 2025-இல் 6.17-இல் வெளியே பராமரிக்கப்படுவது என்று குறித்தார்கள், 6.18-இல் நிரலையே நீக்கிவிட்டார்கள். அவர் வாதத்தில் நியாயமே இல்லை என்று தள்ள முடியாது. தரவை இழந்தவனிடம் போய் அடுத்த மெர்ஜ் விண்டோ வரை பொறு என்றால் கடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒருவருக்கு விதி தளர்ந்தால் மற்ற முந்நூறு மரக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது? முடிவு சரியானதுதான். ஆனால் நஷ்டப்பட்டது வாதாடிய இருவரும் இல்லை, அந்தக் கோப்பு முறைமையை நம்பித் தங்கள் வட்டில் போட்டுக்கொண்ட சாதாரணப் பயனர்கள்.

எல்லா "வேண்டாம்"களும் நியாயமானவை என்றும் இல்லை. 2025 பிப்ரவரியில் ரஸ்ட் மொழி விவகாரம் முற்றியது. டி.எம்.ஏ. பகுதியைப் பார்த்துக்கொள்ளும் மூத்த பராமரிப்பாளர், தன் பகுதியைப் பயன்படுத்தும் ரஸ்ட் நிரல் வேறு அடைவில் இருந்தாலும் வரக்கூடாது என்று எதிர்த்தார். இரண்டு மொழிகள் கலந்தால் பராமரிக்கும் சுமை கூடும் என்பது அவர் பயம், பொய்யான பயமும் இல்லை. லைனஸ் சொன்ன தீர்ப்பின் சாரம் இதுதான்: ரஸ்ட் நிரலைத் தொட உன்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் நீ சுமக்காத நிரலைத் தடுக்கும் அதிகாரமும் உனக்கு இல்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை எங்கிருந்து வருகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பேட்ச் எழுதியவர் படிப்பை முடித்துவிட்டோ வேலை மாறியோ போய்விடுவார். அதை உள்ளே எடுத்தவர்தான் பத்து வருடம் வரும் வழுக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். சுமப்பதால்தான் மறுக்கும் உரிமை. சுமை எங்கே முடிகிறதோ அங்கே உரிமையும் முடிந்துவிடும்.

சொல்லும் விதம் வேறு விஷயம். லைனஸின் வசவுகள் ஒரு காலத்தில் ரசித்துப் பகிரப்பட்டன. 2018 செப்டம்பரில் அவரே வருத்தம் தெரிவித்து ஓய்வு எடுத்தார். அந்த அக்டோபரில் 4.19-ஐ வெளியிட்டவர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன். நடுவில் ஆள் மாறியும் வெளியீடு குழப்பமில்லாமல் நடந்தது கவனிக்க வேண்டிய விஷயம். வசவு இல்லாமலும் தரம் காக்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

உண்மையான ஆபத்து நடுவில் இருப்பவர்கள் களைத்துப்போவதில் இருக்கிறது. நிறுவனங்கள் தங்கள் வன்பொருளுக்கு டிரைவர் எழுத ஆளுக்குச் சம்பளம் தருகின்றன. அடுத்தவன் எழுதியதைப் படித்துக் குறை சொல்வதற்கு யார் சம்பளம் தருவார்கள்? எத்தனையோ பராமரிப்பாளர்களுக்கு அது அலுவலக வேலைக்கு நடுவிலும் இரவிலும் செய்யும் காரியம். களைத்தவரை ஏமாற்றுவது சுலபம். 2021-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வேண்டுமென்றே ஓட்டை வைத்த பேட்ச்களைப் பராமரிப்பாளர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று சொல்லாமல் கொள்ளாமல் சோதித்தது வெளியே வந்தது. அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பழைய பேட்ச்களை எல்லாம் மறுபடி உட்கார்ந்து படிக்க வேண்டியதாயிற்று. யார் படித்தது? அதே களைத்த மனிதர்கள்தான்.

2024-இல் நடந்தது இன்னும் மோசம். எக்ஸ்.இசட். என்ற சுருக்கு நூலகம் கெர்னலின் பகுதி இல்லை, ஆனால் ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினியிலும் உண்டு. அதைப் பார்த்துக்கொண்டவர் ஒரே ஒருவர், அதுவும் சொந்த நேரத்தில். முகம் தெரியாத சிலர் "வேகம் போதாது, வேறு ஆளிடம் கொடு" என்று அவரை நெருக்கினார்கள். அதே சமயம் பொறுமையாக, மரியாதையாக, நல்ல நல்ல பேட்ச்களாக அனுப்பிக்கொண்டிருந்த ஒருவர் கூட்டுப் பராமரிப்பாளர் ஆனார். இரண்டு வருடத்துக்கும் மேல் சம்பாதித்த நம்பிக்கையை வைத்து 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்றை நுழைத்துவிட்டார். எஸ்.எஸ்.ஹெச். நுழைவு அரை நொடி தாமதமாவது ஏன் என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் குடைந்து பார்த்ததால் உலகம் தப்பியது. அரை நொடி! நம்பிக்கை மரம் நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதன் ஒவ்வொரு கணுவிலும் தூக்கம் கெட்ட ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை மறந்துவிடக்கூடாது.

இந்தச் சுமையில் மாணவர்களுக்கும் பங்கு உண்டு. 2020 அக்டோபரில், நான்கு பேட்ச் அனுப்பினால் டி-ஷர்ட் என்ற ஹேக்டோபர்ஃபெஸ்ட்டுக்காக, ரீட்மீ கோப்பில் ஒரு சொல்லை மட்டும் சேர்த்து ஆயிரக்கணக்கில் அனுப்பித் தள்ளினார்கள். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து மூட எங்கோ ஒருவர் தன் ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்தார். மாதம் தொடங்கி மூன்றாம் நாளே, விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டும்தான் கணக்கு என்று விதியை மாற்ற வேண்டி வந்தது. இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் அறிக்கைகள் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. இல்லாத ஓட்டைகளை இருப்பதாகச் சொல்லும் அறிக்கைகளால் கர்ல் திட்டத்தின் டேனியல் ஸ்டென்பர்க் 2025 முழுவதும் வெளிப்படையாகவே நொந்துகொண்டார். எழுதும் செலவு பூஜ்யத்தை நோக்கிப் போகிறது. படித்துப் பார்க்கும் செலவு அப்படியே நிற்கிறது.

ரெஸ்யூமில் போட ஒரு பேட்ச் வேண்டும் என்று அலைபவர்கள், வேறு யாரோ அனுப்பிய பேட்ச் ஒன்றை எடுத்து, கம்பைல் செய்து, தங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்து, "சோதித்தேன், ஓடுகிறது" என்றோ "இந்த இடத்தில் விழுகிறது" என்றோ எழுதினால் அதற்கும் கெர்னல் வரலாற்றில் பெயரோடு ஒரு வரி உண்டு. சோதித்தவருக்கு ஒன்று, படித்துப் பார்த்தவருக்கு இன்னொன்று என்று தனித்தனி வரிகளே இருக்கின்றன. கல்லூரி லினக்ஸ் கூட்டங்களில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. முதல் நாளே கிட் கமிட் அடிக்கக் கற்றுத் தருகிறார்கள், அடுத்தவன் நிரலைப் படிக்க மட்டும் கற்றுத் தருவதே இல்லை.

கெர்னல் மூலநிரலின் முதல் அடைவிலேயே மெயின்டெய்னர்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கும். இருபதாயிரம் வரிகளைத் தாண்டியது. எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்ற பட்டியல். ஒவ்வொரு பகுதிக்கும் நிலை என்று ஒரு வரி. சம்பளம் வாங்கிக்கொண்டு பார்க்கிறார்களா, சும்மா பார்க்கிறார்களா, நேரம் கிடைத்தால் மட்டும் பார்க்கிறார்களா என்று அதிலேயே எழுதியிருக்கும். கோப்பைத் திறந்து "ஆர்ஃபன்" என்ற சொல்லைத் தேடினால் சில பகுதிகள் அகப்படும். நிரல் உள்ளே இருக்கிறது, எங்கோ யாருடைய கணினியிலோ ஓடிக்கொண்டும் இருக்கலாம். பொறுப்பாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்தான் யாரும் இல்லை.